பெட்டியில் மரச் சின்னம் இருந்தால் மட்டும் போதாது

ஒருவழியாக ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நாங்கள் சிங்கப்பூரில் மிளகாய்ப் பொடி, பருப்பு எல்லாம் பாக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனம். எங்களிடம் தங்கள் பெயரில் பாக்கெட் போட்டு வாங்கும் பெரிய கடை ஒன்று, இந்த முறை நீடித்த நிலைத்தன்மைப் படிவத்தையும், அதாவது சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாதிப்பு என்று கேட்கும் படிவத்தையும், நிரப்பச் சொன்னது. ஆண்டு விற்பனை 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் பெட்டி, பை போன்ற பொட்டலப் பொருள்களின் எடைக் கணக்குக் காட்ட வேண்டும். நாங்கள் அதற்கு எங்கோ கீழே. ஆனால் அந்தக் கடை காட்ட வேண்டும், அதனால் எடைக் கணக்கு எங்கள் தலையில்.

மின்சாரக் கணக்கு சுலபம். பில்லில் உள்ள யூனிட்டை சுமார் 0.4 கிலோவால் பெருக்கினால் கரிம உமிழ்வு எத்தனை கிலோ என்று வந்துவிடும்.

உயிரை வாங்கியது அட்டைப்பெட்டி. அடியில் மரமும் டிக்கும் சேர்ந்த எஃப்.எஸ்.சி. சின்னம் (காட்டைப் பொறுப்போடு பராமரித்து எடுத்த மரம் என்பதற்கான சின்னம்) பளிச்சென்று இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன், ஏற்க முடியாது என்று திரும்பி வந்தது. சின்னத்தோடு அச்சாகியிருப்பது உரிம எண். அவர்கள் கேட்டது நடுவில் 'சி.ஓ.சி.' என்று வரும் சான்றிதழ் எண் (சரக்கு கைமாறும் சங்கிலியில் இருப்பவருக்குத் தரும் சான்றிதழ்), அதுவும் எங்களுக்கு வரும் இன்வாய்ஸில். பெட்டி செய்யும் ஆலைக்குச் சான்றிதழ் உண்டு. நாங்கள் வாங்குவதோ மொத்த வியாபாரியிடம். சரக்கைத் தன் பெயரில் வாங்கி விற்கிறவரிடமும் சான்றிதழ் இருந்தால்தான் அவர் தரும் இன்வாய்ஸில் அப்படிப்பட்ட எண் வரும். அவரிடம் இல்லை.

அந்த மொத்த வியாபாரியின் அலுவலகத்துத் தம்பி எப்போது கேட்டாலும், "சின்னம்தான் இருக்கே அக்கா, இன்னும் என்ன வேணும்?" என்பார். கடைசியில் ஆலையின் சான்றிதழ் நகலை அனுப்பினார். அது காலாவதியான பழைய நகல்! எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தேடல் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தமா என்று உடனே தெரியும். யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் அங்கே ஒருமுறை பாருங்கள். ஆலையிலேயே நேரடியாக வாங்க ஆரம்பித்தோம். ஒரே தடவையில் நிறைய எடுக்க வேண்டும், கிடங்கில் நடக்கக்கூட இடமில்லை. ஆனால் முதல் இன்வாய்ஸில் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

அப்புறம் மிளகாய் வத்தல். எந்தப் பண்ணை என்று கேட்டிருந்தார்கள். விருதுநகர்ப் பக்கத்து மில்காரர் அண்ணன் போனில் சொன்னார்: "மண்டியில எத்தனையோ சம்சாரி வத்தல் ஒண்ணாக் கொட்டிக் கெடக்கும் தாயி. எந்தக் காட்டு வத்தல்னு நான் எப்படி எழுதிக் குடுக்க?" பல விவசாயிகளின் வத்தல் அங்கே கலந்துவிடுகிறது, அவர் சொல்வதுதான் நிஜம். பண்ணைப் பெயரை இட்டுக்கட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை. மாவட்டம், மண்டி, மில் வாங்கிய தேதி பில்கள், இதற்கு மேல் தெரியாது என்று எழுதினேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

பை விஷயம் இன்னும் பாக்கி. எடை கேட்டால் பை செய்பவர் தடிமனை மைக்ரானில் சொல்கிறார், கிராம் சொல்வதில்லை. நூறு பையை ஒன்றாகத் தராசில் வைத்து வகுத்துக்கொள்ளுங்கள், ஒற்றைப் பையை நிறுத்தால் கணக்கு தப்பும். எங்கள் பை பாலியஸ்டரும் பாலிஎதிலீனும் ஒட்டியது, மறுசுழற்சிக்கு ஆகாது. முழுக்கப் பாலிஎதிலீனில் மாதிரி வாங்கி ஓட்டினோம். சூடு கொஞ்சம் ஏறினால் சீல் கட்டையில் (பை வாயைச் சூட்டில் ஒட்டும் எந்திரக் கட்டை) பை ஒட்டுகிறது, இறக்கினால் வாய் பிரிகிறது. எந்திரத்துக்கு வேறு கட்டை போட வேண்டும், பையின் குறைந்தபட்ச ஆர்டரோ எங்களுக்குப் பல மாதச் சரக்கு. மாற எங்களுக்கு மனமிருக்கிறது. செலவு முழுக்க எங்களுடையது, கொள்முதல் விலை மட்டும் பழையபடி என்பதுதான் தடை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அதனால் கட்டை, பை இரண்டின் விலைப்புள்ளியையும் இணைத்துத் தனிக் கடிதமாகக் கொடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே கொடுங்கள், கடிதம் கிடைத்தது என்று பதில் மின்னஞ்சலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.