கோபத்துக்கு முந்திய அரை மணித்தியாலம்

கவனக்குறைவும் மிகைச்செயற்பாடும் கொண்ட குறைபாடான ஏ.டி.எச்.டி. என்றதும் ஓரிடத்தில் இருக்கமாட்டாத, சொன்னதை மறந்துவிடுகின்ற பிள்ளையே பலருடைய நினைவுக்கு வருகிறது. ஆனால், கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றில் அத்தகைய பிள்ளையை வளர்க்கின்ற எங்களை அதிகம் களைக்கச் செய்வது கோபம்தான். சுவரைத் தாண்டிக் கேட்கும் கூச்சலுக்கு அடுத்த வீட்டு மாமி, "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டியள்" என்று காரணம் சொல்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார், என்றாலும் அது காரணமன்று.

2013இல் வெளியான, மனநலக் குறைபாடுகளை இனங்காண வைத்தியர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு இக்குறைபாட்டுக்கென வகுத்திருக்கும் 18 அறிகுறிகளில் கோபம் இல்லை. எரிச்சலும் ஏமாற்றத்தைத் தாங்கமாட்டாமையும் கூடவே காணப்படக்கூடியவையாகவே சொல்லப்படுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லியோ, உணர்ச்சியை அடக்க இயலாமை இக்குறைபாட்டின் மையத்திலேயே இருப்பதாக வாதிட்டு வருபவர். அன்றாடம் வீட்டில் பார்ப்பதை வைத்து நான் அவர் பக்கமே நிற்கிறேன். பொங்கி வரும் உணர்ச்சிக்கும் கை ஓங்குவதற்கும் இடையில் நிதானிக்க உதவுவது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி. அதன் செயற்பாடு வேறுபட்டிருக்கும் இப்பிள்ளைகளுக்கு நிதானிக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. கோபம் சட்டென்று மூள்வதும், சற்று நேரத்தில் பிள்ளை தானாகவே வந்து மடியில் படுத்துக்கொள்வதும் இதனால்தான்.

ஆகவே, கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை. கவனிக்கவேண்டியது அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தை. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்த பாடசாலை வேனிலிருந்து பசியோடும் புழுக்கத்தோடும் இறங்கிய மகன், இக்குறைபாட்டுக்காகக் காலையில் குடித்த மெதில்ஃபெனிடேட் மருந்தின் வலு குறைந்துவரும் வேளையில் கணக்குக் கொப்பியை விரித்து, பிழைத்த விடையை அழிறப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழிந்தால், அடுத்த கணம் கொப்பி சுவரில் மோதும். அதனால் இப்போது முதலில் சாப்பாடு, பிறகு மரைன் டிரைவில் ஒரு நடை, அதன் பின்னரே கொப்பி. அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு கணக்குகள் மட்டும். விளையாட்டை நிறுத்தச் சொல்வதற்கு முன்னும் தோளைத் தொட்டு, நேரம் முடியப்போகிறது என்று சொல்லிவைக்கிறோம். மருந்தின் வலு இறங்கும்போது சிலருக்கு எரிச்சல் கூடுவதுண்டு. அதற்காக அளவையோ நேரத்தையோ நாமாக மாற்றாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

விளங்கிக்கொள்வது என்பது எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதன்று. தங்கையை அடிக்கக்கூடாது என்பதில் எங்கள் வீட்டில் மாற்றமில்லை. எறிந்த கொப்பியை, ஆறிய பின், அவனேதான் எடுத்துவைக்கவேண்டும்.

கோபம் நாட்கணக்கில் நீடித்தாலோ, பிள்ளை எதிலும் ஆசையற்று ஒதுங்கினாலோ அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், தாமதிக்கவேண்டாம். பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம். போகும்போது, கோபம் எந்நேரத்தில், எதற்குப் பிறகு வந்தது என்று குறித்துவைத்த கொப்பியையும் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.