முகமூடி

ஜூலை 3

அப்பாவுக்கு உறக்கம் பிடிக்காததால் ‘அவதார்’ படத்தை மறுபடியும் போட்டேன். 2009-இல் கோலாலம்பூர் திரையரங்கில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தபோது இருந்த ஆழம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இல்லை. 162 நிமிடப் படத்தில் சிறிது நேரமே ஓடியது. கதை நடக்கும் வேற்றுலகமான பண்டோராவில் வந்திறங்குவோருக்கு அங்குள்ள காற்று நஞ்சு என்றும், முகமூடி கழன்றால் 20 விநாடிகளில் நினைவு தப்பும், 4 நிமிடங்களில் உயிர் போகும் என்றும் எச்சரிக்கிறார்கள். என்னையறியாமல் ஆக்சிஜன் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 4

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரவில்லை.

ஜூலை 6

இன்று இரவுக் காடு. ஜேம்ஸ் கேமரூன் இதன் முதல் வரைவை 1994-இலேயே எழுதிவிட்டு, நினைத்ததைத் திரையில் காட்டும் தொழில்நுட்பம் வளரும்வரை காத்திருந்தார். நடிகர்களின் முகத்தில் புள்ளிகள் வைத்து, முகத்துக்கு நேரே சிறு கேமராவைப் பொருத்தி, கண்ணிமையின் துடிப்பைக்கூட பண்டோராவாசிகளின் நீல முகங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். கதையைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. வெளியாள் வருகிறான், பழகுகிறான், தலைவனாகிறான், அவ்வளவுதான். ஆனால் கால் வைக்கும் இடமெல்லாம் பாசி ஒளிர்ந்து அணைகிற அந்தக் காட்சிக்காக எத்தனை முறையும் உட்காரலாம்.

இந்த ஊர் எவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டார். ஆல்ஃபா சென்டாரி, 4.37 ஒளியாண்டு என்றேன். அவர் நினைவு கம்போங் குவாந்தான் கிராமத்துக்குப் போய்விட்டது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மின்னுவதைச் சொன்னார். “இது ஆளு மிதிச்சாத்தான் எரியுது. நம்ம பூச்சி அதோட சோடிக்குத்தான் எரியும், நமக்காவா எரியுது?” இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டேன்.

ஜூலை 7

மாலையில் 11 நிமிடம் மின்சாரம் இல்லை. சிலிண்டருக்குக் குழாயை மாற்ற எவ்வளவு நேரமானது என்று எண்ணினேன். அதை இங்கே எழுத விரும்பவில்லை.

ஜூலை 9

பெருமரம் சாயும் இடம் வந்தது. ஏவுகணைகள் அடிவேரைத் தகர்க்க, ஒரு குலமே குடியிருந்த மரம் மெதுவாகச் சரிகிறது. சாம்பல் பறப்பதும், கிளைகள் தனித்தனியாக முறிவதும், விழுந்த பின்னும் ஓயாத ஓசையுமாக, கணினியில் செய்தது என்பதே மறந்துபோகிறது. அப்பா அசையாமல் பார்த்தார். செம்பனை நடுவதற்காக அவர் பால் வெட்டிய ரப்பர் மர நிரையைச் சாய்த்த காலம் நினைவுக்கு வந்திருக்கும், கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“பால் எங்க? இம்மாம்பெரிய மரம், ஒரு சொட்டு வடியலியே.”

படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். தீ இருக்கிறது, புகை இருக்கிறது. முறிந்த இடம் எதுவும் ஈரமாகத் தெரியவில்லை. விடியுமுன் தலைவிளக்குடன் போய், மரத்தில் காயம்படாமல் பட்டையை மட்டும் சீவி முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். மூன்று ஆஸ்கர் வாங்கிய படம், அவற்றுள் ஒன்று காட்சி விளைவுகளுக்காக, என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

ஜூலை 10

பால் வடியாத மரம்.

ஜூலை 12

முடிவுவரை பார்த்தோம். சன்னல் உடைந்து நச்சுக்காற்று உள்ளே வர, கதைநாயகன் ஜேக்கின் கை முகமூடிக்கு எட்டாமல் தவிக்கிறது. மூன்று மீட்டர் உயரமுள்ள பண்டோராப் பெண் நெய்திரி அவனுடைய மெலிந்த மனித உடலைக் குழந்தையைப் போல மடியில் ஏந்தி முகமூடியை அழுத்துகிறாள். முன்பெல்லாம் இந்தக் காட்சியில் அவர்களுடைய அளவு வேறுபாட்டை எவ்வளவு நுட்பமாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்றே வியப்பேன். இன்று அவள் கைவிரல்களை மட்டும் பார்த்தேன். நேரே வைக்கத் தெரியாமல் ஒரு கணம் தடுமாறுகிறாள். அப்பா உறங்கியிருந்தார். அவருடைய முகமூடியின் வார் காதுமடலை அறுத்திருந்தது, பஞ்சு வைத்தேன்.

ஜூலை 13

அழைப்பு வந்தது. காலை எட்டு மணிக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் பாகம் 192 நிமிடம். கைப்பேசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், பாதிதான்