எத்தனை ஏபி?

ஜனவரி 28, 2025, செவ்வாய்

மகளின் பதினோராம் வகுப்புப் பாடத்தேர்வுப் படிவம் வந்துவிட்டது. பிப்ரவரி 14 கடைசி நாள். நியூ ஜெர்சியில் எங்கள் வட்டாரத்துத் தமிழர்களுக்குப் பொங்கல் முடிந்ததும் வரும் அடுத்த திருவிழா இதுதான். தமிழ்ப் பள்ளி வாசலில் காரை நிறுத்தியதுமே "உங்கள் பெண் எத்தனை ஏபி?" என்று விசாரணை தொடங்கிவிடும். ஏபி என்றால் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

தஞ்சாவூருக்குப் போன் செய்தேன். "பேத்தி முதல் குரூப்தானே?" என்றார் அப்பா. இங்கே குரூப் கிடையாது, ஒவ்வொரு பாடமாகப் பொறுக்க வேண்டும் என்றேன். "அப்படியானால் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்." 1995இல் என்னை முதல் குரூப்பில் சேர்த்துவிட்டு வந்து, சாயங்காலம் காப்பி குடிக்கும்போது எனக்குத் தகவல் சொன்னவர் அவர்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளி ஆலோசகரைப் பார்த்தோம். உயிரியல், வேதியியல், இயற்பியல் 1 என மூன்று ஏபியையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மாள் ஒரு விஷயத்தை விளக்கினார். கல்லூரிக்குப் பள்ளி அனுப்பும் அறிக்கையில், இங்கே கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இவள் தேர்ந்தெடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று ஒரு கேள்வி உண்டு. 'மிகக் கடினம்' என்று அவர் குறிக்க ஒரே ஆண்டில் மூன்று அறிவியல் ஏபி தேவையில்லையாம்.

இயற்பியல் 1க்கு அல்ஜீப்ரா போதும். பொறியியல் ஆசையிருந்தால் கால்குலஸ் கலந்த இயற்பியல் சி-யைப் பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கலாம். ஏபி எடுத்தால் கல்லூரிக் கட்டணம் மிச்சம் என்பது எங்கள் தெருக் கணக்கு. கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. ஏபி பரீட்சையில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கினாலும் அங்கே கிரெடிட் கிடையாது, அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிப்ரவரி 8, சனி

இன்றுதான் கேட்டேன். வேதியியல் என்றாள், யோசிக்கவே இல்லை. இந்த ஆண்டு ஆய்வகத்தில் டைட்ரேஷன் (அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடுவது) செய்தார்களாம். "ஒரே சொட்டுதான் அம்மா, மொத்தமும் ரோஜா நிறமாகிவிட்டது!" எனக்குப் பிளஸ் டூ செய்முறை வகுப்பு நினைவுக்கு வந்தது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சியதில் சோடியம் ஹைட்ராக்சைடு நாக்கில் பட்டு, அரை நாள் சோப்பு தின்றவள்போல் திரிந்தேன். சொன்னேன், நம்ப மறுத்துச் சிரித்தாள். உயிரியல் வேண்டவே வேண்டாமாம். அவளை மருத்துவராக்கக் கனவு கண்டுகொண்டிருந்த என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

ஏபி வேதியியல், சாதாரண இயற்பியல், அவள் விடமாட்டேன் என்ற வயலின். இரவு 11:40க்கு அனுப்பினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆய்வக வகுப்பு இரட்டைப் பீரியடாக நீண்டு மதிய உணவு இடைவேளையைத் தின்றுவிடும் என்று அதன் பிறகுதான் கவனித்தேன். சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுத்தால் படியேறும்போதே சாப்பிட்டுவிடுவாளாம். சட்னி மட்டும் வேண்டாமாம், சிந்தும்.