அட்டை வேற, குடும்பம் ஒண்ணு

மதுரைப் பக்கம் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சாயங்காலக் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழுவது, “இந்த வலி மாத்திரை கேக்க மாட்டேங்குதும்மா, வேற மாத்திக் குடு.” மாற்றுவதில் தப்பே இல்லை. ஒருவருக்கு அசிக்ளோஃபினாக் எடுபடாத வலி நாப்ராக்ஸனில் அடங்குவது உண்டு. டாக்டர்களே அப்படி மாற்றி எழுதுவார்கள். எனக்குப் பயமெல்லாம், பழைய அட்டையை நிறுத்தாமல் புதுசையும் சேர்த்துப் போடுகிறவர்களை நினைத்துத்தான்.

பல் பிடுங்கிவிட்டு ஒரு அம்மா வந்தார். பல் டாக்டர் சீட்டில் கீட்டோரோலாக் 10 மில்லிகிராம் இருந்தது. “வீட்டுல வேற என்ன மாத்திரை ஓடுதும்மா?” என்று கேட்டேன். மஞ்சப்பையை அவிழ்த்து அட்டைகளைக் கவுன்ட்டரில் பரப்பினார். முட்டி வலிக்கு அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை, காலையும் ராத்திரியும். பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. “அது முட்டிக்கு, இது பல்லுக்குத்தான தாயி?” என்றார்.

முட்டி, பல் என்று மாத்திரை பிரித்துப் பார்க்காது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். அந்த அம்மாவின் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோரோலாக்கும் ஒரே குடும்பத்து வலி மாத்திரைகள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், மெஃபினாமிக் ஆசிட், எடோரிகாக்ஸிப் எல்லாம் இதே குடும்பம். உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தடுத்து வேலை செய்பவை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் காட்டியவர் பிரிட்டிஷ் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்கிறது. ஒரே குடும்பத்து மாத்திரை இரண்டை ஒன்றாகப் போட்டால் வலி பெரிதாக ஒன்றும் கூடுதலாகக் குறையாது. வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு ஏறும். கீட்டோரோலாக் இதில் ரொம்பக் கறார். இந்தக் குடும்பத்து வேறு எதனோடும் சேரக்கூடாது, 5 நாளைத் தாண்டவும் கூடாது.

அந்த அம்மாவின் பிரஷர் மாத்திரை வேறு என்னை உறுத்தியது. டெல்மிசார்டன் வகை, ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் வயதானவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று அடி வாங்கலாம். வாந்தி, பேதி வந்து உடம்பில் தண்ணீர் குறைந்த நாளில் இன்னும் மோசம். பிரஷரும் கட்டுக்குள் நிற்காது.

பல் டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். கீட்டோரோலாக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். முட்டி மாத்திரையே பல்லுக்கும் பார்க்கும், நடுவில் வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் 500 போடட்டும் என்றார். பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது, அதனால்தான் இடைவெளியை நிரப்ப அதைச் சொல்கிறார்கள். ஆனால் முட்டி மாத்திரைக்குள் ஏற்கெனவே 325 இருக்கிறதே, அதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். மெலிந்த உடம்பு, வயசாளி, கல்லீரல் கோளாறு என்றால் அதற்கும் கீழேதான். முட்டி டாக்டரிடம் பிரஷர் மாத்திரையைக் காட்டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கணுமா என்று கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்தால் எப்போது தொடங்குவது? பொதுவாக, பழைய மாத்திரையின் அடுத்த வேளை வரும்போது அதற்குப் பதிலாகப் புதுசைத் தொடங்க வேண்டும். எல்லா மாத்திரைக்கும் வேளை ஒன்றல்ல. இபுப்ரோஃபென் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம். நாப்ராக்ஸனுக்கு 12-லிருந்து 17 மணி நேரம். எடோரிகாக்ஸிப்புக்கு 22 மணி நேரம். காலையில் அதைப் போட்டவர் சாயங்காலம் வலிக்கிறதே என்று காம்பிஃப்ளாம் போட்டால் இரண்டும் உள்ளே மோதும். காம்பிஃப்ளாமில் இருப்பது இபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. எந்த அட்டையானாலும் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கண் தெரியவில்லையா, கடையில் கேளுங்கள். படித்துச் சொல்வதும் எங்கள் வேலைதான்.

“சாப்பிட்டுட்டுத்தான போடுறேன், புண்ணு வராதுல்ல?” என்றும் கேட்பார்கள். சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். புண் பெரும்பாலும் ரத்தம் வழியாக வருவது. அல்சர் வந்தவர், 65 தாண்டியவர் என்றால் கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 போடுகிறவர்கள் தாமாக இபுப்ரோஃபெனுக்கு மாறவே வேண்டாம். ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை இபுப்ரோஃபென் மறித்துக்கொள்ளும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பலன் குறைந்துவிடும். இந்த மாத்திரைகளில் ஒன்றைப் போட்டு மூச்சிரைப்போ முகவீக்கமோ வந்தவருக்கு, வேறொன்றுக்கு மாறினாலும் அதே வரலாம். அவர்கள் அதைச் சொல்லாமல் எந்தச் சீட்டும் எழுதி வாங்கக்கூடாது.

மாற்றிய பிறகு மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்து கால் வீங்கினாலோ அடுத்த வேளையைப் போடாதீர்கள். கடைக்கும் வர வேண்டாம். அட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.