மலாக்காவில் போர்த்துகீசியர் விட்டுப்போனது இவ்வளவுதான்

சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் செல்ஃபி எடுத்து, 'போர்த்துகீசியர் கட்டியது' என்று போடுகிறவர்களே, அது டச்சுக்காரர் சொத்து. பக்கத்துத் தேவாலயமும் அவர்களுடையதுதான், 1753-இல் முடிந்தது. 1511 முதல் 1641 வரை 130 வருஷம் ஆண்ட போர்த்துகீசியரின் கோட்டையில் முழுசாக நிற்பது ஒரே ஒரு வாசல்.

கோலாலம்பூரின் டி.பி.எஸ். பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வார இறுதியில் நெரிசல் கூடும். பஸ் இறக்கிவிடும் மலாக்கா சென்ட்ரல் ஊருக்கு வெளியே. அங்கே வந்து மொய்க்கும் டாக்சிக்காரர்களிடம் மாட்டாதீர்கள். 17-ஆம் எண் டவுன் பஸ் சிவப்புக் கட்டடத்தருகே விடும், ஆனால் காத்திருக்கப் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று பேராக இருந்தால் போனில் கூப்பிடும் கிராப் டாக்சியே கட்டுப்படியாகும். பாட்டு அலற வரும் ரிக்‌ஷாவில் ஏறுமுன் ஆளுக்கா வண்டிக்கா என்று பேசி முடித்துவிடுங்கள். பேசாமல் ஏறினால் இறங்கும்போது சண்டைதான். பார்க்க வேண்டியதெல்லாம் நடை தூரம், அது தண்டச் செலவு.

கோட்டையில் மிஞ்சியதாகச் சொன்னேனே, அந்த வாசல்தான் போர்ட்டா டி சாண்டியாகோ. வளைவுக்கு மேலே பார்த்தால் 1670 என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பொறித்திருக்கும். பிடித்த கோட்டையைப் பழுதுபார்த்துத் தன் முத்திரையைக் குத்திக்கொண்டது. மற்ற மதில்களை 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள், நாளைக்கு வேறு யார் கைக்காவது போனால் தொல்லை என்று. ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் தலையிட்டதால் இது தப்பியது. இந்தக் கோட்டைக்குக் கல் வந்ததே இடித்த மசூதியிலிருந்தும் சுல்தான்களின் கல்லறைகளிலிருந்தும்தான்.

இவ்வளவு அடித்துக்கொண்டது காற்றுக்காக. தென்மேற்குப் பருவக்காற்றில் குஜராத், சோழமண்டலக் கப்பல்கள் வரும். வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள். திரும்பும் காற்று வரும்வரை எல்லோரும் இங்கேயே கிடக்க வேண்டும், அதனால் சரக்கும் இங்கேயே கைமாறும். போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கு ஊரைப் பிடித்தார்; வியாபாரம் பிடிபடவில்லை. முஸ்லிம் வணிகர்கள் ஆச்சேவுக்கும் ஜொகூருக்கும் நகர்ந்துவிட்டார்கள்.

பிடிக்க உதவியவர்களில் ஒருவர் நம்மூர் வணிகர். போர்த்துகீசியர் எழுதிவைத்த பெயர் நினா சத்து. 1509-இல் இங்கே சிறைப்பட்ட போர்த்துகீசியருக்குச் சோறு போட்டவர், அதற்குக் கைம்மாறாகப் பெண்டஹாரா என்ற உயர்பதவி பெற்றவர். 1514-இல் அதைப் பறித்துச் சுமத்ராவின் கம்பார் ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பதவி போன நினா சத்து தீயில் இறங்கி உயிரை விட்டார். ஊரில் அவருக்கு ஒரு பலகையாவது வைத்திருக்கலாம்.

வாசலுக்குப் பின்னால் படியேறினால் கூரையில்லாத செயின்ட் பால் தேவாலயம். 1521-இல் சிறு கோயிலாக ஆரம்பித்தது. காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே கம்பிவலை போட்ட ஒரு குழி: 1553-இல் சவேரியார் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் சில மாதம் வைத்திருந்த இடம். அதில் காசு வேறு போட்டிருக்கிறார்கள். வெளியே நிற்கும் அவர் சிலைக்கு வலக்கை இல்லை. மரம் விழுந்து ஒடிந்ததாம். கோவாவில் இருக்கும் உடலிலும் வலக்கை இல்லை. 1614-இல் வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள்.

கல்லைவிட உஜோங் பாசிரில் இருக்கும் போர்த்துகீசியக் குடியிருப்பில்தான் விஷயம். போர்த்துகீசியமும் மலாயும் கலந்த கிறிஸ்தாங் மொழி பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாயங்காலம் போங்கள், பகலில் வெறிச்சோடிக் கிடக்கும். டெபால் கறியை விடவே கூடாது: காய்ந்த மிளகாய், பேரரத்தை, கடுகு, காடி (வினிகர்). இறக்கியதும் காடி தூக்கலாக நிற்கும், மறுநாள்தான் சேரும். சுட்ட மீனுக்கு எடைக்கணக்கில்தான் விலை. நூறு கிராம் எவ்வளவு என்று கேட்டு, தராசு முள்ளைப் பார்த்த பிறகே அடுப்புக்கு அனுப்புங்கள்.