மருமகளுக்குக் கொடுக்காத கத்திரிக்காய்

"இலையுதிர்காலக் கத்திரிக்காயை மருமகளுக்குத் தின்னக் கொடுக்காதே."

கியோட்டோவுக்கு வந்த முதல் வருடம், பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையில் ஐந்து கத்திரிக்காயைத் திணித்துவிட்டுச் சொன்ன பழமொழி இது. என் ஜப்பானிய மொழி அப்போது அரைகுறை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதேதான். இதற்கு இரண்டு விளக்கம் உண்டாம். இவ்வளவு ருசியானது அவளுக்கு எதற்கு என்கிற மாமியார் புத்தி ஒன்று. கத்திரிக்காய் உடம்பைக் குளிர்வித்துவிடும், பிள்ளை பெறுகிறவளுக்கு ஆகாது என்கிற அக்கறை இன்னொன்று. குளிர்ச்சியா! கத்திரிக்காய் சூடு, சொறி சிரங்கு இருந்தால் தொடாதே என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்?

அன்று ராத்திரியே நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டு அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நல்ல காயா இருந்தா அப்படித்தான் தோணும்" என்றார்.

மறுநாள் பாட்டி ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். நிஷின் நாசு: காய்ந்த ஹெர்ரிங் மீனும் கத்திரிக்காயும். கியோட்டோவுக்குக் கடல் கிடையாது. எடோ காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டு) வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிடித்துக் காயவைத்த மீன், கிதமாயேபுனே என்ற வணிகக் கப்பல்களில் ஜப்பான் கடலோரமாக வந்து, கரையிறங்கி, மலை தாண்டி இங்கே வந்து சேர்ந்தது. அப்படி எங்கிருந்தோ வந்த மீனும் உள்ளூர்க் காயும் ஒரே சட்டியில் சேர்ந்தால் 'தெயாய்மோன்' என்கிறார்கள்; சந்தித்துக்கொண்டவை. சரி, நாம் கருவாட்டுக் குழம்பு என்போம்.

கட்டை மாதிரி கிடக்கும் அந்த மீனை அரிசி களைந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். பாட்டியின் அடுப்படியில் அந்தக் கழுநீர்ப் பாத்திரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அம்மா கழுநீரைக் கீழே கொட்ட விடமாட்டார். முதல் தண்ணீர் மாட்டுக்கு, இரண்டாவது குழம்புக்கு. பாட்டி கத்திரிக்காயின் தோலில் மயிரிழை போலக் கீறல் போட்டார், மீன் சாறு உள்ளே இறங்குவதற்கு. சோயா சாஸ், சாக்கே என்கிற அரிசி மது, சர்க்கரை. ஆமாம், சர்க்கரை! கருவாட்டுக் குழம்பில் யாரோ பாயசத்தைக் கவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது முதல் வாய்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. இப்போது கத்திரிக்காய் மலிந்ததும் நானே செய்கிறேன், சர்க்கரை போட்டே. நாக்கு பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். போன வாரம் சட்டியை இறக்குகிற நேரத்தில் கை தானாகப் போய் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றியது. வீடெல்லாம் வாசனை. கருவாட்டுக் குழம்பு மறுநாள்தானே ருசி? அதனால் மிச்சத்தை மூடிவைத்தேன். ஒரு பிடி சோற்றில் தண்ணீரும் ஊற்றி வைத்தேன், காலையில் பழையதுக்கு.

அக்டோபர் குளிர். விடிந்து பார்த்தால் சோறு புளிக்கவே இல்லை. தண்ணீரில் கிடந்த சோறாகவே இருந்தது.