எத்தனை பெட்டி கொழுவினீர்கள்?

நல்லூர்க் கொடி இறங்கி, ஊர்க்கோயில் திருவிழாக்களும் ஓய்ந்த பிறகு என் மேசையில் கை வைக்க இடம் இருக்காது. அத்தனையும் திருத்த வந்த அம்பிளிபயர்கள். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "நேற்றிரவு வரை நன்றாகத்தான் பாடியது அண்ணை." ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றி நான் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எத்தனை பெட்டி கொழுவினீர்கள்?" அதற்கு மட்டும் நேரான பதில் வராது. ஆயிரம் வாட்ஸ், தாங்கும் என்பார்கள்.

அவர்களைக் கோபிக்க எனக்கு வாய் வராது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கோயில் வீதியில் நானே இதைச் செய்திருக்கிறேன். அன்று நாதஸ்வரக் கச்சேரி; மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து. அம்பிளிபயர் 8 ஓமுக்கு 100 வாட்ஸ் தரக்கூடியது. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை; அது குறையக் குறைய அம்பிளிபயர் கூடுதல் மின்னோட்டம் கொடுக்கவேண்டும். 'குறைந்தது 4 ஓம்' என்று அதன் பின்புறத்தில் அச்சிட்டிருந்தது. 8 ஓம் பெட்டி இரண்டைச் சமாந்தரமாகக் கொழுவியிருந்தேன். இரண்டும் சேர்ந்து 4 ஓம்; கணக்குச் சரி. எட்டு மணியளவில், அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் வந்தார்.

"தம்பி, பின்வீதிக்குச் சத்தம் காணாது. வானில் இன்னும் இரண்டு பெட்டி சும்மாதானே இருக்கிறது?"

மறுக்கத் துணிவில்லை. அந்த இரண்டையும் அதே வயரில் கொழுவினேன்.

நான்கு 8 ஓம் பெட்டிகள் சமாந்தரமாக நின்றால் 2 ஓம். 8 ஓமில் 100 வாட்ஸ் என்றால் ஸ்பீக்கர் முனையில் ஏறக்குறைய 28 வோல்ட். ஓடும் மின்னோட்டம் மூன்றரை அம்பியர். அதே 28 வோல்ட்டை 2 ஓமுக்குக் கொடுக்க 14 அம்பியர் வேண்டும். கடதாசியில் அது 400 வாட்ஸ். ஆசை காட்டுகிற எண் அது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்போமரும் ட்ரான்சிஸ்டர்களும் கடதாசி பார்ப்பதில்லை. மின்னோட்டத்தை அவ்வளவு இழுத்தால் அம்பிளிபயருக்குள் இருக்கும் வோல்ட், அதாவது உள்வோல்ட், சரியும். உள்வோல்ட் சரிந்தால் அலையின் உச்சிக்கு எட்ட உயரம் இருக்காது. உச்சி சீவப்பட்டுத் தட்டையாகும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

இந்தக் கிளிப்பிங்கை அதன் பெயர் தெரியாமலே சிறுவயதில் கேட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டு உடனே நின்றுவிடாது. மெல்லிய இடங்கள் தெளிவாக வரும். பாடகர் குரல் எடுக்கிற இடத்தில் மட்டும் கரகரக்கும். சத்தத்தைக் குறைத்தால் கரகரப்பும் போய்விடும்.

அந்த இரவிலும் நாதஸ்வரம் தனியே ஒலித்தபோது குறை தெரியவில்லை. தவில் சேர்ந்த இடத்தில்தான் ஒவ்வோர் அடிக்கும், கிளிப்பிங்கைக் காட்டும் அம்பிளிபயரின் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. அது அழகாக இருப்பதாகக்கூட நினைத்தேன், அந்த அளவுக்குத்தான் அன்று என் அறிவு. தனி ஆவர்த்தனத்தில் விளக்கு அணையவே இல்லை. பிறகு பெட்டிகளிலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும்.

மறுநாள் எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டர் அம்பிளிபயரின் மூடியைத் திறந்தார். ட்ரான்சிஸ்டர் காலோடு நிற்கும் 0.22 ஓம் வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்டர்கள் நெடுக வெடித்திருந்தன. ட்ரான்சிஸ்டர்களை மீற்றரில் வைத்தால் எந்தக் காலுக்கும் எந்தக் காலுக்கும் இடையே 'பீப்' என்று ஒரே பாட்டு. அவை உள்ளுக்குள் ஒட்டிப்போனதும் நேரோட்ட மின்சாரம் (DC) முழுவதும் ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. அந்த 'டொம்' அதுதான். அந்த நேரத்தில் ஸ்பீக்கரைத் துண்டித்து அதைத் தடுக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் அந்த அம்பிளிபயரில் இல்லை. ஒரு ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பை மாஸ்டர் விரல்களால் மெல்ல அமுக்கிக் காட்டினார். உள்ளே கருகிய சுருள் காந்தத்தில் உரசி, தேங்காய் துருவுவது போலச் சொரசொரத்தது.

பெட்டிகளில் உயர்தொனிக்கென்று இருந்த சிறிய ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் அதற்கு முன்பே போயிருந்தன. வாட்ஸ் குறைந்த அம்பிளிபயர் ஸ்பீக்கரை எரிக்காது என்ற நம்பிக்கை இங்கே பலமாக உண்டு. எனக்கு அது உடைந்தது அன்றுதான். ஒரே உச்சி உயரத்தில், தட்டையாகிச் சதுரமாகவே போன அலை, ஒழுங்கான சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு சக்தியைக் கொண்டுபோகும். அடித்தொனி உச்சியில் முட்டி நின்றுவிட, சத்தத்தைக் கூட்டக் கூட்ட உயர்தொனிதான் ஏறிக்கொண்டே போகும். மெல்லிய சுருள் கொண்ட ட்வீட்டர் அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?

இத்தனையும் எதற்காக? சக்தி இரட்டித்தால் கூடுவது சத்தத்தின் அளவில் 3 டெசிபெல். பின்வீதியில் நிற்கிறவருக்கு அது சற்றே தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அதே கோயில், அதே உபயகாரர். இந்த முறை நான்கு பெட்டிகளையும் இவ்விரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரண்டு சோடிகளையும் சமாந்தரமாகச் சேர்த்தேன். மொத்தம் மீண்டும் 8 ஓம். மீற்றர் அதை ஆறு சொச்சம் என்றுதான் காட்டும். மீற்றர் பார்ப்பது சுருளின் வெறும் தடையை மட்டும். ஸ்பீக்கரின் ஓம் தொனிக்குத் தொனி மாறுகிற ஒன்று.

எட்டு மணிக்கு அவர் வந்தார். "தம்பி, பின்வீதிக்குச் சத்தம் காணாது."

சத்தக் குமிழைத் தொடவில்லை. பிந்திய சோடியை இறக்கி, தடித்த வயர் இழுத்து, பின்வீதி மடத்துத் திண்ணையில் ஏற்றி, சனம் இருந்த பக்கம் திருப்பி வைத்தேன். திறந்தவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். நான்கு மடங்கு வாட்ஸுக்குச் சமம். தவில் உச்சத்தில் இருந்தபோது வந்து அம்பிளிபயரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. உபயகாரர் மடத்துக்கு எதிரே மணலில் சால்வையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.